சவுக்குத் தோப்பில் கொத்தான், பைன் காட்டில் குட்டைப் புல்லுருவி

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சவுக்குப் போட்டிருப்பவர்களிடம் கொத்தான் என்ற ஒட்டுண்ணிக் கொடியைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டாவது வரியிலேயே "அதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வந்துவிடும். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரைக்கும், தெற்கே பெரியபட்டினம், ஏர்வாடி வரைக்கும் இதே கேள்விதான். நான் சொல்லும் பதில், எதையும் அடிக்காதீர்கள், முதலில் தோப்பின் ஓரத்தைப் போய்ப் பாருங்கள் என்பது. பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டு நேராக உரக்கடைக்குப் போகிறார்கள். அது அவரவர் இஷ்டம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒருமுறை நீட்டி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குக் கனடா வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

கொத்தானைத் தெரியாதவர்கள் தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது மணல்மேடுகளைப் பாருங்கள். இராவணன் மீசைப் புல்லின் மேலும் அடம்பங்கொடியின் மேலும் மஞ்சளும் பச்சையுமாக நூல்கண்டைப் பிரித்துக் கொட்டியது போல ஒரு கொடி கிடக்கும். அதுதான். இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. முளைக்கும்போது வேர் உண்டு. பிடிக்க ஒரு செடி கிடைத்துவிட்டால் அந்த வேர் செத்துவிடும், அப்புறம் எல்லாம் அடுத்தவன் செலவுதான். கொடி சுற்றிய ஒரு சவுக்குக் குச்சியை ஒடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். தண்டின் உள்பக்கம், குச்சியைத் தொடும் இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உறிஞ்சுவாய். பட்டையைத் துளைத்து உள்ளே போய், மரத்தின் நீர் ஓடும் குழாயில் கைவைத்திருக்கும். கொடியை வெடுக்கென்று இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும், முடிச்சு குச்சியிலேயே நிற்கும். இல்லையென்றால் குச்சியின் பச்சைத் தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

பார்க்க அம்மையார் கூந்தல் என்ற இன்னோர் ஒட்டுண்ணிக் கொடி மாதிரியே இருந்தாலும் அதற்கும் இதற்கும் சொந்தமில்லை. கொத்தான், பிரியாணிக்குப் போடும் பட்டையின் குடும்பம். நல்ல குடும்பத்தில் பிறந்து இப்படிப் பிழைக்கிறது.

சரி, மருந்துக்கு வருகிறேன். கொடியும் மரமும் ஒரே குழாயில் இருக்கும்போது, கொடியைக் கொல்லும் களைக்கொல்லி மரத்துக்குள் போகாமல் எப்படி நிற்கும்? எங்கள் தோப்புக்குத் தெற்கே இருப்பவர் கிளைபோசேட் வாங்கி அடித்தார். கடையில் "கொடி மட்டும்தான் கருகும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொடி கருகியது. அடியிலிருந்த இரண்டாம் வருஷத்துச் சவுக்கும் கருகியது. ஐப்பசி மழைக்குப் பிறகு மண்ணில் கிடந்த விதையிலிருந்து கொத்தான் திரும்ப வந்தது, சவுக்கு வரவில்லை. கொத்தான் விதையின் ஓடு கல் மாதிரி கெட்டி. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்துவிடாது. கடல் தண்ணீரில் மிதந்துபோய் வேறு கரையில் ஏறிக்கூட முளைக்கும். உலகத்தின் வெப்பமண்டலக் கடற்கரைகள் அத்தனையிலும் இது இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு டேங்க் மருந்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பது பேராசை.

என் சித்தி மகன் ஒருவன் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், காடு அளக்கும் வேலையில் இருக்கிறான். அவன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். லாட்ஜ்போல் பைன் மரக்கிளையில், மஞ்சள் பச்சை நிறத்தில், விரல் நீளத்தில் இலையில்லாத குச்சிகள் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. "அண்ணே, நம்ம ஊரு கொத்தான் மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டிருந்தான். இல்லை. அது குட்டைப் புல்லுருவி, ஆர்சூத்தோபியம் என்ற பேரினம். பைன், ஃபர், ஹெம்லாக், ஜூனிபர் என்று ஊசியிலை மரங்களைத் தவிர வேறெதிலும் பிழைக்காது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மரத்துக்காக வளர்க்கும் காடுகளில் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவருபவற்றில் இதுவும் ஒன்று. ஏறிய இடத்தில் கிளை தாறுமாறாகப் பிரிந்து துடைப்பக்கட்டை போலப் புடைக்கும், மரத்தின் நுனி மெலியும், வளர்ச்சி குறையும், கடைசியில் மரமே போகும்.

நம் நாட்டிலும் உண்டு. இமயமலையில் கைல் பைன் மரங்களில் வளரும் ஒரு வகை, வெளியே சில மில்லிமீட்டர் மட்டும்தான் தலைகாட்டும். ராமநாதபுரம் கடற்கரைக்கு இது வர வழியே இல்லை, இங்கே காட்டு ஊசியிலை மரம் ஒன்றுகூடக் கிடையாது. சவுக்கை ஊசியிலை மரம் என்று நினைப்பவர்கள் உண்டு, காயும் சின்னப் பைன் காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவான பச்சைக் குச்சி. இலை அந்தக் கணுவில் குட்டிப் பல்லாக ஒடுங்கிக் கிடக்கும்.

அப்படியிருக்க அந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு? மருந்து இல்லாத ஓர் ஒட்டுண்ணியோடு அவர்கள் பல பத்து வருஷமாக மல்லுக்கு நின்று, கடைசியில் எங்கே போய் நின்றார்கள் என்று பார்ப்பதற்குத்தான்.

குட்டைப் புல்லுருவி விதை பரப்புவதற்குப் பறவையைப் பெரிதாக நம்புவதில்லை. காய் முற்றியதும் உள்ளே நீர் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காம்பிலிருந்து விடுபடும் நொடியில் விதை மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். தடையில்லாவிட்டால் 15 மீட்டர்கூடப் போகும். பெரும்பாலானவை 10 மீட்டருக்குள் முடிந்துவிடும். லாட்ஜ்போல் பைனில் வளரும் வகையில், வெடிப்பதற்கு முன் காய் தானே சூடேறுகிறது என்று 2015இல் கனடா ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். விதையைச் சுற்றிப் பசை இருக்கும். பறந்துபோய் ஓர் ஊசியிலையில் ஒட்டும். மழை பெய்தால் பசை இளகி, இலையோடு வழுக்கி அடியில் இருக்கும் இளங்குச்சிக்கு வந்து சேரும். பட்டைக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளேயே பரவிக்கொண்டிருக்கும். பிறகு குச்சி வரும், பூக்கும், காய் முற்ற இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல். ஆக, ஒரு விதை விழுந்து அடுத்த தலைமுறை விதை தெறிக்க ஐந்து வருஷம் சாதாரணமாக ஆகிவிடும்.

இதற்கும் மருந்து தேடிப் பார்த்தார்கள். எத்தெபான் அடிக்கலாம். அன்னாசியைப் பூக்க வைக்கவும் பழத்தைப் பழுக்க வைக்கவும் நம்மூரில் பயன்படும் அதே எத்தெபான்தான். அடித்தால் வெளியே இருக்கும் குச்சிகள் உதிர்ந்துவிடும். பட்டைக்குள் இருப்பது அப்படியே இருக்கும், கொஞ்ச காலத்தில் மறுபடி துளிர்க்கும். விதை தெறிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவே. வீட்டு வாசலில் நிற்கும் ஆசை மரத்துக்குச் சரி, காட்டுக்குக் கட்டுப்படியாகாது. புல்லுருவியைத் தாக்கும் பூஞ்சைகளை வைத்தும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

மருந்து கைகொடுக்காத இடத்தில் அவர்கள் கணக்குக்கு வந்தார்கள். ஃபிராங்க் ஹாக்ஸ்வொர்த் என்ற அமெரிக்க வன நோயியல் அறிஞரின் ஆறு புள்ளிக் கணக்கு 1977இல் வெளியானது. இன்றைக்கும் காட்டில் அதைத்தான் போடுகிறார்கள். மரத்தின் பச்சைத் தலையை மேல், நடு, கீழ் என்று கண்ணாலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியில் புல்லுருவி இல்லையென்றால் 0, பாதிக் கிளைகள் வரை இருந்தால் 1, பாதிக்கு மேல் என்றால் 2. மூன்றையும் கூட்டினால் மரத்தின் மதிப்பெண். 1, 2 என்றால் மரம் தாங்கும். 5, 6 என்றால் வளர்ச்சி படுத்துவிடும், அந்த மரத்தை நம்பிப் பயனில்லை. இதில் எனக்குப் பிடித்தது, ஏணியும் வேண்டாம் கருவியும் வேண்டாம், கீழே நின்று அண்ணாந்து பார்க்கத் தெரிந்தால் போதும் என்பது. எங்கள் வேலியோரப் பூவரசுகளுக்கு நான் இதைத்தான் போடுகிறேன். அங்கே இருப்பது வேறு வகைப் புல்லுருவி, ஆனாலும் எந்த மரத்துக்குக் கிளை கழிப்பது, எந்த மரத்தை எடுத்துவிடுவது என்று முடிவுசெய்ய இந்தக் கணக்கு போதுமானதாக இருக்கிறது.

வெட்டுவதில் அவர்களுக்கு ஒரு முக்கியமான விதி இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். புல்லுருவி ஏறிய பெரிய மரங்களைக் கன்றுகளின் தலைக்கு மேலே விட்டுவைக்காதே. விட்டாலும், கன்று ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டுவதற்குள், அல்லது பத்து வயதாவதற்குள், பெரிய மரத்தை எடுத்துவிடு. கன்று சின்னதாக இருக்கும்வரை மேலிருந்து விழும் விதைக்கு அது சின்ன இலக்கு, பட்டால் பட்டது. வளர வளர இலக்கு பெரிதாகும். தாய்மரங்கள் நடுவில் நின்று எல்லாப் பக்கமும் விதை தெறித்துக்கொண்டிருந்தால் அடுத்த காடும் போச்சு. லாட்ஜ்போல் பைன் காடுகளில் மனிதன் வருவதற்கு முன்னால் இந்த வேலையைக் காட்டுத்தீ பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே தீயில் எல்லாம் போகும். பைன் காய் சூட்டில் விரிந்து விதை கொட்டும். புதுக்காடு சுத்தமாக வரும். புல்லுருவி ஓரத்திலிருந்து வருஷத்துக்கு ஓரடி இரண்டடி என்று மெதுவாக உள்ளே வரும். தீயை அணைக்கப் பழகியதில் புல்லுருவிக்குக் கொண்டாட்டம். காட்டை மொத்தமாக மொட்டையடிக்கக் கூடாது, அங்கங்கே பழைய மரங்களை விட்டு வெட்ட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த மரத்தை விடுகிறோம் என்று பார்க்காமல் விட்டால், அது விதைப்பண்ணை வைத்துக் கொடுத்த கதையாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வெட்டு மேஸ்திரி ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் சவுக்கு வெட்டும்போது, "கடலோர வரிசையை மட்டும் விட்ரட்டுமா அண்ணே? புதுக் கன்னுக்குக் காத்து மறைப்பா இருக்கும்ல" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே கன்று நிற்பதே கஷ்டம். ஆனால் கொத்தான் முதலில் ஏறுவது அந்தக் கடலோர வரிசையில்தான். மணல்மேட்டிலிருந்து நேராக அங்கே வருகிறது. அந்த வரிசையைக் கொடியோடு விட்டுவிட்டு அதன் காலடியில் கன்று வைத்தால், கொடி கீழே தொங்கிக் கன்றைப் பிடிக்கும், காய் உதிர்ந்து கன்றின் அடியில் முளைக்கும். பைன் காட்டில் பத்து வருஷம் அவகாசம் இருக்கிறது. சவுக்கு நட்ட முதல் வருஷத்திலேயே ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இங்கே பழைய வரிசையை விடுவதா வேண்டாமா என்பதை நடுவதற்கு முன்னாலேயே முடிவுசெய்தாக வேண்டும். நான் விடுகிறேன், ஆனால் கொடி ஏறாத மரங்களாகப் பொறுக்கி, கீழ்க்கிளைகளை நெஞ்சு உயரத்துக்குக் கழித்த பிறகு. கொத்தானுக்கு இளம்பச்சைக் குச்சிதான் சௌகரியம், முற்றிய பட்டையில் பிடிப்பு கம்மி. கொடி எட்டும் உயரத்தில் பச்சை இல்லாமல் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தனியார் தோப்புக்கு இதெல்லாம் பெரிய தலைவலி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகித ஆலைக்கோ, சாரக் கழிக்கோ நாலு வருஷத்தில் வெட்டிவிடுகிறோம். ஏறிய கொடி, கழித்துப்போடும் சின்னக் கிளைகளான மிளாறோடு போய்விடும். பைன்காரர்கள் எழுபது எண்பது வருஷம் காத்திருப்பதை நினைத்தால் நாம் அதிர்ஷ்டசாலிகள். சிக்கல் எங்கே என்றால், அலைக்கும் காற்றுக்கும் தடுப்பாகக் கடற்கரையில் நிற்கும் சவுக்குப் பட்டைகளில், அதாவது கரையோரம் நீளமாக நிற்கும் மரவரிசைகளில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுகச் சவுக்கு இன்னும் நிறைய நட்டார்கள். அந்த மரங்களின் வேலையே நிற்பதுதான், மொத்தமாக வெட்ட முடியாது. வயதாகும், நடுவில் சில மரம் சாயும், வெளிச்சம் விழும், அந்த இடைவெளியில் கொத்தான் ஏறும். நீண்ட காலம் நிற்கும் பைன் காட்டின் அதே நிலைமை. என் அபிப்பிராயம், இந்தப் பட்டைகளை ஒரே வயதில் நிறுத்தாமல், பட்டையின் நீளவாக்கில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து நட்டு, அது எழுந்த பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். துண்டுகளுக்கு நடுவே கொத்தான் கடக்க முடியாத வெறும் இடம் வேண்டும். எங்கள் தோப்பில் பத்தடி விட்டிருக்கிறோம், பச்சை இல்லாமல் வைத்திருந்தால் அது போதுகிறது.

இதைக் கேட்டுவிட்டு மணல்மேட்டில் இருக்கும் இராவணன் மீசையையும் அடம்பையும் சுரண்டி எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். அங்கே கொத்தான் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது அதன் வீடு. மேட்டை மொட்டையடித்தவர்களின் தோப்பில் கச்சானுக்கு மணல் வந்து கன்றுகளின் இடுப்பு வரை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். வெறும் இடம் விட வேண்டியது மேட்டுக்கு இந்தப் பக்கம், நம் நிலத்தில்.

கையால் எடுப்பதில் ஒன்றே ஒன்று. காய் வெள்ளையாகத் திரள்வதற்கு முன் எடுக்க வேண்டும், எடுத்ததை வேலிச்செடி மேல் வீசக்கூடாது. ஈரம் இருக்கும் துண்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் போட்டு நம்மூர் வெயிலுக்கு விட்டால் காய்ந்து சருகாகிவிடும், பிறகு கொளுத்தலாம்.

வேலியோரத்து வேம்பு, பூவரசு, மாமரங்களில் ஏறும் பெரிய இலைப் புல்லுருவிக்கு இந்த இடைவெளி வித்தை எதுவும் செல்லாது. அதற்கு வண்டி, கட்டைவிரல் அளவே இருக்கும் பூக்கொத்தி என்ற குருவி. பழத்தை விழுங்கும், பசையோடு விதை வெளியே வரும், பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். கிளையில் நூல் மாதிரி தொங்கும் பசையில் விதை ஆடிக்கொண்டிருப்பதை மாமரத்தில் பார்க்கலாம். குருவிக்குப் பத்தடியும் ஒன்றுதான் நூறடியும் ஒன்றுதான். நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களையே இது படுத்தி எடுத்திருக்கிறது. மயில்துத்தம், டீசல் சோப்புக் கரைசல் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குக் கவாத்துக் கத்திதான். இந்தப் புல்லுருவி கிளையின் மேலேயே வேர் ஓட்டி அங்கங்கே உள்ளே இறங்கும். ஆகவே செடி தெரியும் இடத்தில் வெட்டிப் பயனில்லை, கடைசிப் பிடிப்புக்கும் ஓர் அடி கீழே வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் எடுப்பதும் இல்லை. விறகுக்குக்கூட ஆகாத ஒரு கிழட்டுப் பூவரசை அப்படியே விட்டிருக்கிறோம். இறக்கையின் அடிப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. குருவிக்கும் பழம் வேண்டும். கனடாப் பக்கத்திலும் குட்டைப் புல்லுருவியின் துடைப்பக் கிளைகளில் ஆந்தையும் அணிலும் கூடு வைக்கின்றன என்பதால், எங்கே ஒழிப்பது எங்கே விடுவது என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. என் மாமா இப்போது சவுக்குக்கு நடுவே சந்தனம் வைத்திருக்கிறார். சந்தனமும் ஒட்டுண்ணிதான், பாதி ஒட்டுண்ணி. மண்ணுக்கடியில் அடுத்த மரத்தின் வேரைப் பிடித்து உறிஞ்சும். புல்லுருவிகளுக்கெல்லாம் உறவுக்கார மரம். அதன் நாற்றுக்குத் துவரை வைத்துக் கொடுப்பார்கள், நிலத்துக்கு வந்த பிறகு நீண்ட காலத்துக்குச் சவுக்கு நல்ல துணை, வேர்முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். "கொத்தானைப் புடுங்கிட்டு, அதோட பெரியப்பனை நீங்களே நட்டு வச்சிருக்கீங்களே மாமா" என்று கேட்டேன். "கொத்தான் என்ன விலைக்குப் போகுது, சொல்லு" என்றார். விலை கிடக்கட்டும், இப்போது உண்மையான கேள்வி வேறு. சந்தனத்துக்குத் துணை நிற்கும் சவுக்கை நாலு வருஷத்தில் மொத்தமாக வெட்ட முடியாது. மாமாவின் தோப்பும் இனிமேல் நிற்கும் காடுதான், பைன்காரர்களின் கணக்கு அங்கேயும் வந்துவிட்டது. சந்தன வரிசைக்கு ஒட்டியிருக்கும் சவுக்கை விட்டு, இடையில் இருக்கும் வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் கடலோர ஓரத்தில் கிளை கழிக்க மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. கூலிதான் இன்னும் பேசவில்லை. போன வருஷத்தை விடக் கூடுதலாகக் கேட்பார் என்று தெரியும்.